டிராக்டரில் கேட்ட சத்தம்

மொரிஸ், மின்னசோட்டா
மே 9

அன்பு மகள் சோல்வெய்குக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூலையில் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு சியாட்டில் வரை காரில் வர முடியுமா என்று கேட்டிருந்தாய். போன தடவை ஃபார்கோ தாண்டுவதற்குள் முதுகுவலி தாங்காமல் திரும்பினோமே, அதனால்தான் பதில் எழுதத் தயங்கினேன். இப்போது வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் பம்ப் தண்டுவடத்துக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து அனுப்புகிறது, பாதி நாள் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தாலும் தாங்குகிறது. ஆனால் நடுவில் ஒரு கூத்து நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நம் வியாபாரத்துக்கு வாங்கி விற்கலாமென்று பக்கத்துப் பண்ணை வெண்டலின் பழைய டிராக்டரைப் பார்க்கப் போனேன். கேபினில் உட்கார்ந்தால் 'பீப்' என்றது. இஞ்சினை அணைத்தேன், ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கினேன், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி 'பீப்'. வயரிங் போய்விட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு விட்டேனா, காபிக் கடையில் நாலு பேரிடமும் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் சமையலறையிலும் அதே சத்தம். புகை அலாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அட மனுஷா, கூவுறது அது இல்ல, உங்க வயிறு!" என்றாள். மருந்து தீரப்போகிறது என்று பம்ப் சொல்லியிருக்கிறது. நிரப்ப வேண்டிய தேதியை ஒரு ஏலத்துக்காக நானேதான் தள்ளிப்போட்டிருந்தேன். கிளினிக்கில் நர்ஸ் டார்லா ஊசியால் நிரப்பிக்கொண்டே, "ஆயில் இல்லாம டிராக்டர் ஓட்டுவீங்களா? இது வத்திப்போயிருந்தா வலி மட்டுமா வரும், உடம்பையே தூக்கிப் போட்டிருக்கும்" என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

மறுநாள் அதே காபிக் கடையில், அதே நாலு பேர் முன்னால், பழுது டிராக்டரில் இல்லை, என்னிடம்தான் என்று ஒப்புக்கொண்டேன். வெண்டல் சிரித்துவிட்டு, "உன்னைப் பழைய இரும்புக்குப் போட்டாக்கூட எவனும் எடுக்கமாட்டான்டா ஆர்லன்" என்றான். அவன் சொன்ன விலைக்கே வண்டியை எடுத்துக்கொண்டேன். நாற்பது வருடத்தில் நான் பேரம் பேசாதது அன்று ஒருநாள்தான். உன் தம்பியிடம் சொல்லிவிடாதே, தொழிலைக் கெடுத்துக்கொள்வான்.

அடுத்து நிரப்புவது ஆகஸ்டில். அம்மா தேதியை ஃபிரிட்ஜ் கதவில் சிவப்பு மையால் எழுதி ஒட்டிவிட்டாள். ஆகவே ஜூலையில் கண்டிப்பாக வருகிறோம், வழியில் அடிக்கடி இறங்கிக் கொஞ்சம் நடக்கிறேன். பழைய கார் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய், நான் வந்து பார்க்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. உங்கள் மூவரையும் கர்த்தர் நல்லபடி வைக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: நான் அங்கே இருக்கும்போது எங்காவது 'பீப்' என்று கேட்டால் அலாரத்தைக் கழற்றாதே, முதலில் என் வயிற்றில் காதை வைத்துப் பார்.

உன் அப்பா,
ஆர்லன்