புளி ரூமில் ஒரு ஆல்பம்

மைக்கின் மேல் மாட்டுகிற பஞ்சு உறையை நேற்று முகர்ந்து பார்த்தேன். எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்காதே. புதுப்புளியின் வாசம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துவைத்தும் போகவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உன் அம்மா போன் செய்தார்.

"புளி வந்துட்ச்சிமா. ரூமு நெறஞ்சிட்ச்சி. நீ எப்ப வர்ற?"

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. லேப்டாப்பையும் மைக்கையும் பையில் திணித்துக்கொண்டு, கலசப்பாக்கத்திலிருந்து போளூர் போய் மலை பஸ்ஸில் ஏறினேன். நம் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் பாதி பாக்கி இருக்கிறது. நீ இல்லாமல் அதை முடிக்க வேண்டும்.

பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். நாம் சேர்ந்ததே ஒரு சண்டையில்தானே. கல்லூரி விடுதியில் நான் கம்ப்யூட்டரில் ஒரு பீட் செய்துகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த நீ, யாரும் கேட்காமலேயே அதன் மேல் ராப் பண்ணத் தொடங்கினாய். நிறுத்து என்றேன். நிறுத்தவில்லை. கேட்கக் கேட்க எனக்குப் பிடித்துப்போனது. அதை உடனே ஒப்புக்கொள்ள நான் என்ன பைத்தியமா? இசை என் பக்கம், வாய் உன் பக்கம் என்று அன்றே பிரிந்துவிட்டது. ஒரு வரி பாடிக் காட்டச் சொன்னால்கூட நான் எழுந்து ஓடிவிடுவேன். "உன் கம்ப்யூட்டருக்கு இருக்கிற வாயிகூட உனக்கு இல்லடி" என்பாய்.

படிப்பு முடிந்து நீ மலைக்கும் நான் கலசப்பாக்கத்துக்கும் திரும்பிய பிறகுதான் ஆல்பம் தொடங்கியது. முதல் இரண்டு பாட்டுகளைச் சென்னையில் ஒரு இசை கம்பெனிக்கு அனுப்பினோம், நினைவிருக்கிறதா? அங்கிருந்து ஒருவர் பேசினார். ராப் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னணியில் இந்த எலக்ட்ரானிக் பாப் எதற்கு என்றார். ஒரு புல்லாங்குழல், கொஞ்சம் குருவிச் சத்தம், ஊர் மேளம் வைத்தால் மலை தெரியும் என்றார்.

"எங்க வூட்லயும் கரண்ட் இருக்குதுங்க சார்" என்றாய் நீ, ரொம்ப மரியாதையாக.

போனை வைத்த பிறகு நாம் சிரித்த சிரிப்பில் உன் அப்பா வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆனால் உனக்கு உள்ளுக்குள் கோபம். "மலைலேர்ந்து வர்றவ மலை மாரி பாடணும்னா, மெட்ராஸ்ல இருக்கிறவங்க கடல் மாரியா பாடுறாங்க?" என்று அன்று முழுக்க முனகிக்கொண்டிருந்தாய். அந்தக் கோபத்தில்தான் காவலூர் தொலைநோக்கியைப் பற்றிய பாட்டு பிறந்தது. வானத்தைப் பார்க்க பக்கத்து ஊரில் அவ்வளவு பெரிய கண்ணாடி, என் போனில் ஒரு கோடு டவர் இல்லை என்று நீ பொரிந்து தள்ளுவாய். அடுத்த நொடியே உன் குரல் ஆட்டோட்யூன் மென்பொருளில் வளைந்து, கல்யாண வீட்டு சீரியல் விளக்கு போல மின்னிக்கொண்டு பல்லவிக்குள் போகும். அப்படி ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. இப்போது கேட்டாலும் கர்வமாகத்தான் இருக்கிறது.

பதிவு செய்ய இடம்தான் கிடைக்கவில்லை. என் வீட்டுப் பக்கத்தில் அரிசி ஆலை. உன் வீட்டில் தகரக் கூரை, பேசினால் குரல் அங்கேயும் இங்கேயும் இடித்துக்கொண்டு திரும்பி வரும். ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் புளி அடுக்கியிருந்த ரூமுக்குள் எதையோ எடுக்கப் போன நீ, அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாய். உன் குரல் வேறு மாதிரி இருந்தது. சுவர் முழுக்க மூட்டைகள், எதிரொலியே இல்லை. "இன்னாடி இது, புளி சத்தத்த துன்னுட்ச்சி" என்றாய். அன்றிலிருந்து அதுதான் நம் ஸ்டுடியோ. குழம்புக்குப் புளி எடுக்க வரும் உன் அம்மா, நீ பாடுகிற நேரமென்றால் கதவுக்கு வெளியே காத்திருப்பார்.

அங்கேயும் சண்டை நின்றதா என்ன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ மூச்சை இழுப்பது, பாரம் தூக்கப்போகிறவள் இழுப்பது போலக் கேட்கும். நான் கம்ப்யூட்டரில் அதையெல்லாம் வெட்டி எடுத்துவிடுவேன். பாட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. "மூச்ச வெட்டாதடி. மலை ஏறி வர்றவ மூச்சு வாங்காமயா பேசுவா?" என்பது உன் கட்சி. கம்ப்யூட்டர் என் கையில் இருந்ததால் நான் ஜெயித்தேன்.

புளியை நம்பி ஆல்பம் செய்தவர்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். வியாபாரி வந்தால் ரூம் காலியாகிவிடும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. கடைசிப் பாட்டின் இரண்டாவது பகுதி. நீ மூச்சை இழுத்தாய். வாசலில் லாரி ஹாரன். "லாரி வந்துட்ச்சி. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூட்டை எண்ண ஓடினாய்.

அடுத்த வாரம் வந்தால் வெறும் சுவர்கள். போர்வை கட்டினோம். இருந்த கொஞ்சம் சாமை மூட்டைகளை இழுத்து வந்து அடுக்கினோம். ஒன்றும் ஒத்துவரவில்லை. ஒரே பாட்டில் முதல் பாதி ஒரு வீட்டிலும் மறு பாதி வேறு வீட்டிலும் பாடியது போல இருந்தது. சென்னைக்குப் போய்ப் பதிவு செய்யலாம் என்றேன்.

"புளி திரும்பக் காய்க்கும்டி. இன்னா அவசரம்?" என்றாய்.

ஐப்பசி மழையில் உன் வண்டி வளைவில் சறுக்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

செய்தி தெரிந்து அந்தக் கம்பெனிக்காரர் மறுபடி பேசினார். இப்போது எலக்ட்ரானிக் பாப்பில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, ஆல்பத்தை வெளியிடவும் தயார். நீ எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய மிச்ச வரிகளைக் கொடுத்தால், உன் குரலைக் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்றார். நாம் முடித்த பாட்டுகளை என்னிடம் வாங்கி ஒரு மாதிரியும் செய்து அனுப்பினார். கேட்டேன். நீயேதான். பொய் சொல்ல மாட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் உன் குரல் என் சொத்து இல்லையே. உன் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார். முகம் அப்படியே மலர்ந்தது. "எம் பொண்ணேதான்" என்றார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"இன்னாமா இது, மூச்சே வுடாம பேசுறா?"

நான் வெட்டிக் கொடுத்த பாட்டுகளிலிருந்து செய்த குரல்தானே அது, மூச்சுக்கு எங்கே போகும். கம்பெனிக்காரரிடம் சொன்னேன். அதுவா, மூச்சையும் சேர்த்துவிடலாம், சின்ன வேலைதான் என்றார். அவர் செய்வார், சந்தேகமே இல்லை. ஆனால் அது யாரும் பாடுவதற்காக இழுக்காத மூச்சு. வேண்டாம் என்றேன். அப்படியென்றால் ஆல்பத்தை நாங்கள் வெளியிட முடியாது என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இன்னும் மரியாதையாகச் சொல்லியிருப்பாய்.

பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து, எல்லாப் பாட்டிலும் உன் மூச்சைத் திரும்ப வைத்தேன். பாட்டுகள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன. நீ சொன்னதுதான் சரி. இதை நீ கேட்டிருந்தால் ஒரு மாதத்துக்கு உன் அலட்டல் தாங்கியிருக்காது.

கடைசிப் பாட்டின் மிச்சத்தை யார் பாடுவது என்று உன் அம்மாவிடம் கேட்டபோது, அது ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார். "நீ இருக்கிறல்ல" என்றார்.

இன்று காலை புளி ரூமுக்குள் மைக்கை வைத்தேன். சுவர் முழுக்க மூட்டைகள். உன் அம்மா வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். ஹெட்போனில் உன் முதல் பகுதி ஓடியது, பல்லவி ஓடியது, அப்புறம் அந்த இடம் வந்தது. நீ மூச்சை இழுத்தாய். ஹாரனுக்கு முன்னால் நிறுத்தினேன். அந்த மூச்சுக்கு அடுத்து வரவேண்டிய முதல் வார்த்தையை நான் சொன்னேன். என் குரல் உன்னுடையது போல இல்லை. இருக்கவும் வேண்டாம். பயந்த அளவுக்கு மோசமும் இல்லை. உன் வரிகளை முழுக்கப் பாடி முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

கதவைத் திறந்தேன். "முடிஞ்சிட்ச்சா?" என்றார் அம்மா. "முடிஞ்சிட்ச்சிமா" என்றேன். உள்ளே போய்க் குழம்புக்குப் புளி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆல்பத்தை நாமே வெளியிடப் போகிறோம். பிடித்தவர்கள் கேட்கட்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பதிவை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். உன் மூச்சுக்குப் பிறகு தொடங்குகிற நான், இரண்டாவது வரிக்கு முன்னால் சத்தமாக மூச்சை இழுக்கிறேன். உன்னைப் போலவே. அதை நான் வெட்டவில்லை.