சந்தனம் பூசிய சிடி

இன்று காலை கோயிலில் ஒரு புதுக் காருக்குப் பூஜை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடியில் குருக்கள் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். காருக்குச் சொந்தக்காரப் பையன் அவசரத்தில் எதையோ திருக, வைப்பர் ஓடிவிட்டது. ஒரே வீச்சில் கண்ணாடி முழுக்க மஞ்சளும் சிவப்பும். அவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பாத்தீங்களா கூத்தை" என்று சொல்லப் பக்கத்தில் திரும்பிய பிறகுதான், நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

அந்தச் சந்தன வாசனை வீடு வரைக்கும் என்னோடு வந்தது. அதனால்தான் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். இடையிடையே பேனாவை நிறுத்தி, "மாமா, இதையுமா எழுதணும்?" என்று கேட்கிறாள். எழுதம்மா, அவருக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் எழுது என்கிறேன்.

நாம் பழகியது இந்த அமெரிக்காவில், ஒரு ஷாப்பிங் மாலில். பனிக்காலத்தில் மகன்கள் வேலைக்குப் போகிற வழியில் நம்மை அங்கே இறக்கிவிடுவார்கள், குளிர் படாமல் நடக்கட்டும் என்று. ஒருநாள் நீங்களாகவே எதிரில் வந்து நின்றீர்கள்.

"அண்ணாச்சிக்குத் தமிழ்நாடா?"

"ஆமாங்க. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"உள்ள ஹீட்டர் இந்தப் போடு போடுது. இதுலயும் மங்கி குல்லாயைக் கழட்டாத ஆளு வேற எந்த ஊர்ல இருக்கான்?"

அன்றிலிருந்து நான் உங்களுக்கு அண்ணாச்சி. நீங்கள் திருநெல்வேலிப் பக்கம், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருச்செங்கோட்டுப் பக்கம். போர் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில், ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைத்தவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். "மகன் இங்க ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல. மக கனடாவுல" என்றீர்கள். சொன்ன வேகத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அது பேச்சை மாற்றுகிற பார்வை என்று எனக்குத் தெரிந்தது.

விஷயம் பிறகு உங்கள் மருமகள் வழியாக என் மருமகளுக்கு வந்து, எனக்கும் வந்தது. டொராண்டோவுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போன பெண், பாதியில் படிப்பை விட்டுவிட்டு கிதாரும் கையுமாகப் பாட்டுப் பாடப் போய்விட்டாள். "இனி உன் குரலை நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவர் நீங்கள். அதன் பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ரேடியோ விஷயம் தற்செயலாக வந்தது. பேத்தி வேண்டாமென்று தூக்கிப்போட்ட ரேடியோ எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்ட்டில், கிடந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் நீங்கள் காப்பி குடிக்க வந்திருந்தீர்கள். நான் சும்மா குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பாடினாள். பின்னால் ஒரே ஒரு கிதார். பாட்டுக்கு நடுவே நாற்காலி ஒன்று கிரீச்சென்றது. நான் எங்கள் வீட்டு நாற்காலி என்று நினைத்து எழுந்து பார்த்தேன்.

"உக்காரும் அண்ணாச்சி. அது பாட்டுக்குள்ள உள்ள நாற்காலி" என்று சிரித்தீர்கள். பாட்டு முடிந்து ரேடியோக்காரப் பெண் பேசப் பேச எனக்குச் சொன்னீர்கள். இது பக்கத்துக் கல்லூரி ரேடியோ. அந்தப் பெண் கனடாவில் இருந்து இங்கே படிக்க வந்தவள். வாரா வாரம் தன் நாட்டில் புதிதாக வெளிவந்த பாட்டுகளைப் போடுகிறாள். அதுவும் கம்பெனி எதுவும் இல்லாதவர்களின் பாட்டுகளை மட்டும். "இப்ப பாடினவ தன் வீட்டு அடுக்களையிலயே உக்காந்து பதிஞ்சிருக்காளாம்."

"கம்பெனி இல்லாம எப்படிங்க பாட்டு வரும்?"

"அவளே எழுதி, அவளே பாடி, அவளே சிடி போட்டு, அவளே தபால்ல அனுப்புதா."

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. இன்றைக்கும் அதிசயம்தான். எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் சினிமாவில் வந்தது, கோயிலில் பாடுவது, இல்லையென்றால் வயலில் யாரோ எப்போதோ பாடிவைத்தது. ஒரு ஆள், கேட்பார் யாருமில்லாமல், பனி பெய்கிற ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு இதுவரை உலகத்தில் இல்லாத ஒரு பாட்டை உண்டாக்குகிறார் என்பதை நான் நினைத்ததே இல்லை. போர் போடும்போது நாள் முழுக்க வெறும் புழுதிதான் பறக்கும். தோட்டத்துச் சொந்தக்காரன் மூஞ்சி செத்துப்போயிருக்கும். திடீரென்று மேலே வருகிற மண் கொஞ்சம் ஈரமாக வரும். அந்த நொடியில் சுற்றி நிற்கிற யாரும் பேச மாட்டார்கள். அவர்களுக்கு அது முதல் தண்ணீர். எனக்கு எத்தனையோ ஊரில் பார்த்த தண்ணீர், ஆனாலும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். புதுப் பாட்டு தொடங்குகிற இடத்தில் எனக்கு அதே சிலிர்ப்பு வந்தது.

அப்புறம் புதன்கிழமை என்றால் நீங்கள் ஆஜர். மீன்பிடி ஊர்க்காரர் ஒருவர் பாடுவார், குரலில் உப்புக் கரிக்கும். இரண்டு சகோதரிகள் பாடுவார்கள், எது யார் குரல் என்று பிரிக்க முடியாது. ஒருமுறை பாட்டு முடிந்தும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. என்னங்க சொல்றாங்க என்று கேட்டேன். "இது பிரெஞ்சு, அண்ணாச்சி. இன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்றீர்கள்.

நான் பாட்டுக்காகக் கேட்டேன். நீங்கள் எதற்காகக் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ரேடியோக்காரப் பெண் ஒவ்வொரு பேராகச் சொல்லும்போது உங்கள் கையில் இருக்கும் டம்ளர் அப்படியே நிற்கும். பேர் வேறாக இருந்தால்தான் அது வாய்க்குப் போகும்.

ஒரு சனிக்கிழமை நீங்கள் கோட்டுக்குள் கையை விட்டபடியே வந்தீர்கள். உட்காரக்கூட இல்லை. உள்ளிருந்து ஒரு சிடியை எடுத்து என் முன்னால் நீட்டினீர்கள்.

"மக அனுப்பிருக்கா. என் பேருக்கு."

"கேட்டீங்களா?"

"எங்க கேக்க? மகன் வீட்டுல, எல்லாரும் பாக்க, நான் போய் அதைப் போட்டுக் கேக்கவா?"

"இங்க போடலாமுங்க. பேத்தியோட சிடி பொட்டி இருக்குது."

நீங்கள் சிடியைப் பின்னால் இழுத்துக்கொண்டீர்கள். "புதுசு, அண்ணாச்சி. முதல்ல சாமி காலடியில வைக்கணும்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. புதுத் துணியையே மஞ்சள் தடவாமல் உடுத்தாதவர்கள் நாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகன் நம்மைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டான். குருக்கள் சின்ன வயசுக்காரர். பேர், நட்சத்திரம் எல்லாம் கேட்டார். பெண்ணின் நட்சத்திரத்தை நீங்கள் தயங்காமல் சொன்னதைக் கவனித்தேன். அவர் சிடியைத் தட்டில் வைக்கப் போனவர் நின்றுவிட்டார். "மாமா, இதுல பூட்ஸ் படம்னா போட்டிருக்கு!" எட்டிப் பார்த்தோம். ஆமாம். சிடியின் மேல்பக்கம் முழுக்க ஒரு ஜோடி பழைய பூட்ஸ், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

உங்கள் முகம் போன போக்கை நான் என்ன சொல்வேன்! "சாமி சந்நிதியில செருப்பைக் கொண்டாந்து வச்சிட்டேனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். குருக்கள்தான் சமாதானம் சொன்னார். "பரவால்ல மாமா. இந்தப் பக்கம் பளபளன்னு சுத்தமா இருக்கு. இதுலயே வச்சுடலாம்." சிடியைத் திருப்பினார். அந்தக் கண்ணாடிப் பக்கத்தில் நிறையச் சந்தனம் குழைத்து வைத்தார், நடுவில் குங்குமம் இட்டார், அர்ச்சனை செய்தார். மூன்று பேருக்கும் திருப்தி. மூன்று பேரில் ஒருவருக்கும், பாட்டு இருப்பது அந்தப் பக்கத்தில்தான் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து பெட்டியில் போட்டோம். அது சுற்றியது, முனகியது, சிடியைத் துப்பிவிட்டது. மறுபடியும் போட்டோம், மறுபடியும் துப்பியது. "சந்தனம் அடைக்குது" என்று நீங்கள் தொட்டித் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் விளக்கும் பச்சை நாரை எடுத்துத் தேய்த்தீர்கள். கருத்தாகத் தேய்த்தீர்கள். சந்தனம் முழுக்கப் போயிற்று. கண்ணாடிப் பக்கம் நம் பாட்டிமார் தேய்த்த வெங்கலப் பானை மாதிரி கீறல் விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த என் மருமகள், "ஐயோ அங்கிள், என்ன பண்ணிட்டீங்க!" என்று வாயில் கை வைத்தாள். பிறகு அதற்கு உயிர் வரவில்லை.

நீங்கள் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் பார்த்த மனிதரில் கோபமாகப் பேசத் தெரிந்தவர் நீங்கள். அன்றைக்குச் சிடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"போங்க, இதுக்குப் போயி. கடையில இன்னொண்ணு வாங்கிப்போடலாம்" என்றேன். மருமகள் காரெடுத்தாள். மாலில் பாட்டு விற்கிற கடையில் ஒரு பையன் பெண்ணின் பேரைக் கம்ப்யூட்டரில் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான். எந்தக் கம்பெனி என்று கேட்டான். கம்பெனி கிடையாது, அவளேதான் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்படியென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும், வேறு எங்கேயும் கிடைக்காது என்றான்.

அந்தக் கடை வாசலில் நீங்கள் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கம்பெனிக்காரர் போட்ட சிடியாக இருந்திருந்தால் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமலேயே கேட்டிருப்பீர்கள். பேச்சில்லாமலே போயிருக்கும். இந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு கடைதான். அதன் கதவை நீங்களே தட்ட வேண்டும்.

எங்கள் பேஸ்மென்ட்டுக்கு வந்தோம். வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு எண்களையும், சிடி உறையில் இருந்த உங்கள் பெண்ணின் எண்ணையும் மருமகள் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேலே போனாள். நானும் எழுந்தேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தீர்கள்.

"ஹலோ?"

"நான்தான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு, "அப்பா? யாருக்கு என்ன ஆச்சு? அண்ணனுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உன் சிடியில சந்தனம் ஒட்டிக்கிட்டுது."

"என்னது?"

"கோயில்ல பூஜைக்கு வச்சேன். ஐயரு பாட்டு உள்ள பக்கத்துல சந்தனத்தை வச்சிட்டாரு. மேல்பக்கம் நீ பூட்ஸ் படம் போட்டா அவரு என்ன செய்வாரு?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு எங்கேயோ மூக்கடைத்துப்போய் வேறு சத்தமாக மாறியது. "பூஜை பண்ணுனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "இன்னொண்ணு அனுப்புதியா?" என்றீர்கள்.

"அனுப்புதேன்பா." பிறகு, "இருங்க. வைக்காதீங்க."

ஏதோ இழுபட்டது. கம்பிகளை முறுக்குகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் போனுக்குள் பாடினாள்.

எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் யாரோ நடக்கிறார்கள் என்று தெரிந்தது. கிதாரில் ஒரு கால், குரலில் ஒரு கால். மெதுவாக, வழுக்கி விடுமோ என்று பார்த்துப் பார்த்து வைக்கிற நடை. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குப் பாதம் சில்லிட்டது. நடுவில் ஓரிடத்தில் அவளால் முடியவில்லை. குரல் உடைந்து நின்றுவிட்டது. கம்பியும் நின்றது. நீங்கள் போனை நோக்கிக் குனிந்து, பிள்ளை முதல் அடி வைக்கும்போது பேசுகிற மாதிரி, "ம், பாடு" என்றீர்கள். மூக்கை உறிஞ்சினாள். நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து எடுத்து, கடைசி வரைக்கும் பாடி முடித்தாள்.

என் வாழ்நாளில் எத்தனையோ கிணற்றில் தண்ணீர் வந்து பார்த்தேன். மனுஷனுக்குள் வந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் வைத்த பிறகு நீங்கள் எனக்கு அர்த்தம் சொன்னீர்கள். ஓட்டை பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க, பனியில் வேலைக்கு நடந்துபோனதைப் பாடுகிறாள் என்றீர்கள். இவ்வளவையும் நமக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்றீர்கள். பிறகு, "என் வீட்டுல எனக்குத் தெரியாத ஆளு ஒருத்தி இருந்திருக்கா, அண்ணாச்சி" என்றீர்கள். அதில் வருத்தமே இல்லை. சின்ன வயசில் நான் கோபுரத்தை முதல்முறை பார்த்தபோது அப்படித்தான் வாய் பிளந்து பேசினேனாம், என் அம்மா சொல்வாள்.

புது சிடி வந்தது. அதை இருவரும் பூஜை போடாமலே கேட்டோம். பின்னொரு புதன்கிழமை ரேடியோக்காரப் பெண் அவள் பேரையும் சொன்னாள். நீங்கள் எழுந்து நின்று கேட்டீர்கள். பாட்டு முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்குப் பாடினதுதான் பாட்டு" என்றீர்கள்.

இந்த வருஷம் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் வந்திருந்தாள். கறுப்புக் கோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், அப்பா என் பாட்டைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். தெரியாத ஆள் ஒருத்தி என்று நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் சொல்கிறேன். சிடியில் இருக்கும் பாட்டு ஓரிடத்திலும் நிற்காமல் ஒழுங்காக ஓடுகிறது. நமக்குப் பாடியது எந்த சிடியிலும் இல்லை, எந்த ரேடியோவிலும் வராது. கேட்ட இரண்டு பேரில் நீங்கள் போய்விட்டீர்கள். வார்த்தை தெரியாத என் காதில்தான் அது இருக்கிறது. கம்பி முறுக்கியதில் இருந்து மூக்கை உறிஞ்சியது வரைக்கும் ஒன்றும் குறையாமல் இருக்கிறது. தனியாக இருக்கும்போது வாய்க்குள் முனகிப் பார்ப்பேன். அந்த இடம் வந்ததும் என் குரலும் தானாக நின்றுவிடும். நான் காத்திருப்பேன். நீங்கள் "ம், பாடு" என்பீர்கள். பிறகுதான் மிச்சம் வரும்.