மூன்றாம் மேஜை மோட்டார்கள்

1996 நவம்பர் 18, திங்கள்

அவிநாசியிலிருந்து ஒரு பம்ப் மோட்டார் திரும்பி வந்தது. தொட்டால் ஷாக். பிரித்தால் உள்ளே வைண்டிங் கம்பிச் சுற்றில் மஞ்சள் கறை. போன மாதம் ஆயுத பூஜையன்று மூன்றாம் மேஜையில் மூடாமல் கிடந்த மோட்டார்கள்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தது யார்? நானேதான், இந்தக் கோவிந்தராஜுலுதான். ஃபோர்மேன் என்ற தோரணையில், சொம்பும் கையுமாக. மறுநாள் காயவைக்காமலே மூடி அனுப்பிவிட்டோம். மொத்தம் பதினெட்டு. மீதிப் பதினேழும் எந்தெந்தக் கிணற்றிலோ?

நவம்பர் 19

முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. "மொதல்ல ஆளுக உசுரைப் பாருங்க" என்றார். வாரண்டி கார்டு ஒன்பதாயிரம். கையால் தேடினால் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் யாராவது ஈரக் கையோடு... எழுதவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 20

கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் யாஸ்மின். அதை "டிவி பொட்டி" என்று நான் கேலி பேசாத நாளில்லை. இன்று அவள் முன்னால் போய் நின்றேன்.

"மோட்டார் நம்பரை எப்படிங்க அடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"தொண்ணூத்தாறு வருசம். ஜே-ன்னா அக்டோபர். அப்பறம் மூணு எண்ணு, அது மாறீட்டே இருக்கும். கடைசீல மேஜை நம்பரு. மூணாம் மேஜையே அந்தப் பதினெட்டுக்காகத்தான் போட்டதும்மா."

மாறுகிற இடத்தில் முதலில் ஒரு புள்ளியும் நட்சத்திரமும் போட்டாள். எத்தனை எழுத்து வந்தாலும் சரி என்று அர்த்தமாம். திரை நிற்காமல் ஓடியது. பின்னால் ஃபோன் நம்பரில் மூன்று இருந்தால்கூட இழுத்துக்கொண்டு வந்தது. "கயித்தை ரொம்ப நீளமா உட்டுட்டனுங்க" என்று சிரித்தாள். அழித்துவிட்டு மூன்று புள்ளி மட்டும் வைத்தாள். ஒரு புள்ளிக்கு ஒரே எழுத்து, அது எதுவானாலும்.

பதினெட்டு வரி! பெயரோடு, ஊரோடு. மூன்று தரம் எண்ணினேன். என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு! தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறாள். அது எத்தனை இடம் என்று மட்டும் சொல்கிறாள். கிடைத்துவிடுகிறது. இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்த்து நான் வாய்பிளந்ததில்லை.

நவம்பர் 23

பதினேழில் பதினாறு வந்து சேர்ந்தது. சோமனூர் மட்டும் பாக்கி. ஃபோன் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

நானே பஸ் ஏறிப் போனேன். தோட்டத்தில் பாவாத்தாள் என்ற அம்மா. மோட்டாரைப் போடத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடுதுங்க. தொட்டா சுருக்குங்கும். அதனால செருப்புப் போட்டுட்டுத்தான் கிட்டப் போறதுங்க."

காலைப் பார்த்தேன். வெறுங்கால், சேறு.

"செருப்பு எங்கீங்க?"

"காத்தால வாரு அந்துபோச்சுங்க."

ஃப்யூஸைப் பிடுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

1997, ஆயுத பூஜை

மூடாத மோட்டார் ஒன்றும் மேஜையில் இல்லை. நானே இரண்டு தரம் பார்த்தேன். யாஸ்மினிடம் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். சொம்பை எடுத்தேன்.

"ஏனுங்க ஃபோர்மேன், தண்ணி மட்டும் வேண்டாமுங்க."

சொம்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.