தாளைத் தாண்டிய கோடு

என்னங்க,

இன்று ஒன்பதாம் வகுப்பில் y = 2x + 1. x-க்கு 0, 1, 2 கொடுத்து அட்டவணை போட்டார்கள், புள்ளி வைத்தார்கள். எல்லாரும் கடைசிப் புள்ளியோடு கோட்டை நிறுத்திவிட, ஒருத்தி மட்டும் வரைபடத்தாளைத் தாண்டி மேசைமேலேயே இழுத்துவிட்டாள்.

"என்னடி இது?"

"அட்டவணைதான் டீச்சர் முடிஞ்சுது. கோடு முடியலையே!"

அந்தக் கோடு ஜன்னல் வழியே ஏறி, கூரைகளுக்கு மேலே மழையில் நனைந்துகொண்டே நீங்கள் இருக்கும் ஊர்ப்பக்கம் போவதைப் பார்த்தபடி நின்றேன்.

உங்கள் வக்கீல் அனுப்பிய தாள் வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வரிசையாகப் புள்ளிகள். பழக்கதோஷம், பென்சிலால் சேர்த்தேன். கோடு தாளைத் தாண்டி நம் சாப்பாட்டு மேசையில் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னமும்,
உங்கள் வீட்டுக்காரி