காலர் மைக்கும் கல்லுப்பும்

ஜூலை 3, வியாழன்

பெவின் புது வீடியோ போட்டிருக்கான். 'ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள சிறந்த காலர் மைக்'. காலையிலேயே இந்த மூஞ்சியைப் பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? ஆனாலும் பதினோரு நிமிஷமும் பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி, குறிப்பெடுத்துப் பார்த்தேன்.

நாலு வருஷம் அவனும் நானும் சேர்ந்து நடத்தின சேனல் அது. பெரிய காசு இல்லாம சொந்தமா வீடியோ எடுக்கிறவங்க எந்தக் கேமரா வாங்கலாம், எந்த மைக் வாங்கக் கூடாதுன்னு சொல்ற சேனல். மூஞ்சி அவனுது. சோதனை என்னுது. கடற்கரைக் காத்துல கத்தினவ நான். ஐஸ் பேக்டரி வாசல்ல நின்னு இரைச்சல் பதிவு பண்ணினவ நான். போன வருஷம் ஒரு லைட் கம்பெனிகிட்ட துட்டு வாங்கிட்டு, 'நானே வாங்கிச் சோதிச்சேன்'னு கூசாம கேமராவைப் பாத்துச் சொன்னான். ஏன்டா இப்படின்னு கேட்டதுக்கு, எல்லாரும்தான செய்யுதாவன்னான். அன்னைக்கே பையை எடுத்துட்டு வந்துட்டேன்.

இப்போ எனக்குன்னு தனிச் சேனல். மூஞ்சி காட்டுறதில்ல. கையும் குரலும்தான். ஏழாயிரம் பேர் பாக்குறாங்க, அவனுக்கு ஒண்ணரை லட்சம். இருக்கட்டும். நான் ஒண்ணை நல்லா இருக்குன்னு சொன்னா அந்த ஏழாயிரம் பேரும் யோசிக்காம வாங்குவாங்க. என்கிட்ட இருக்கிற சொத்து அது ஒண்ணுதான்.

அதே மைக்கை ஆர்டர் போட்டாச்சு. அவனைக் கிழிச்சுத் தோரணம் கட்டாம விடப்போறதில்ல.

ஜூலை 6, ஞாயிறு

ஆடி இன்னும் பிறக்கல, அதுக்குள்ள காத்து ஆளைத் தள்ளுது. பீச் ரோட்டுல மைக்கைச் சட்டையில மாட்டிக்கிட்டு முப்பது அடி, அம்பது அடின்னு நடந்து நடந்து பேசினேன். சுண்டல் விக்கிறவர் பைத்தியம்னு நினைச்சிருப்பார். வீட்டுக்கு வந்து ஹெட்போன்ல கேட்டேன்.

நல்லா இருக்கு. சவத்து மைக் நல்லா இருக்கு. காத்தைத் தடுக்க மைக் மேல மாட்டுற முடி உறையைப் போட்டா, என்னோட பழைய எட்டாயிரம் ரூபாய் மைக்கை விடவும் காத்து கம்மியாத்தான் கேக்குது. மூணு தடவை மாத்தி மாத்திக் கேட்டேன், ஏதாவது குறை கிடைக்காதான்னு.

திரேஸ்புரத்துல இருந்து பிலோமினா அக்கா போன். மீன் சமையல் சேனல் வச்சிருக்காங்க. மைக் எது வாங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க, வேற யாரையும் நம்ப மாட்டாங்க. இதை வாங்குங்கன்னு சொன்னேன். பெவின் பேரைச் சொல்லல. ஏன் சொல்லணும்?

ஜூலை 9, புதன்

நானும் அந்த மைக் நல்லா இருக்குன்னு வீடியோ போட்டுட்டேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. ஆனா பெவின் சொல்லாத ஒண்ணை நான் சொன்னேன்ல. கடற்கரை ஊர்ல மைக், கேமரா எல்லாம் ஈரக்காத்துலதான் சாகும். அதுக்கு ஈரம் உறிஞ்சுற சின்ன ஜெல் பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கணுமாம். தூத்துக்குடியில இருந்துக்கிட்டா? அப்பா முப்பது வருஷம் உப்பளத்துல வேலை பார்த்தவர். வீட்டுல ஒரு மூடை கல்லுப்பு கிடக்கு. உப்பு தண்ணியை இழுக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கை உப்பைச் சட்டியில வறுத்து, துணியில முடிஞ்சு, மைக்கைச் சார்ஜ் ஏத்தி வைக்கிற பெட்டிக்குள்ள வச்சேன். அதைத் தனியா ஒரு நிமிஷ வீடியோவாப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள முப்பத்தெட்டாயிரம் பேர் பாத்துட்டாங்க. என் சேனல்ல எதுவும் இவ்வளவு ஓடினதில்ல.

ஜூலை 14, திங்கள்

பெட்டியைத் திறந்தா உப்பு முடிச்சு சொதசொதன்னு இருக்கு. எவ்வளவு ஈரத்தை இழுத்திருக்கு பாரு. புதுசா வறுத்து மாத்தி வச்சேன். பெருமையாத்தான் இருக்கு.

ஜூலை 19, சனி

செட்டுல இருக்கிற ரெண்டு மைக்ல இடது மைக் சார்ஜ் ஏறல. பெட்டியில வச்சா லைட்டே எரியல. பத்து நாள்தான் ஆச்சு.

கமெண்ட்ல பாத்தா மணப்பாடு, வேம்பார், ராமேஸ்வரம்னு ஆறேழு பேர் இதையே சொல்றாங்க. சார்ஜ் ஏறல, செத்துப்போச்சு. எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரல. உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், பாயாசம் குடிச்ச மாதிரி. எங்க சிக்காம போயிருவான் பெவின்?

மதியத்துக்குள்ள வீடியோ எடுத்து, வெட்டி, ஏத்திட்டேன். 'இந்தக் குப்பை மைக்கை உங்க தலையில கட்டினது யார்?' நானும் நல்லா இருக்குன்னு சொன்னவதான், ஏமாந்துட்டேன், அவன் தெரிஞ்சே வித்தான்னு சொன்னேன். பெவின் பேர், அவன் வீடியோ, அந்த லைட் கம்பெனிக்காரனோட அவன் ஓட்டல்ல எடுத்த போட்டோ, எல்லாத்தையும் போட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ரெண்டு லட்சம் பேர். பெவின் சேனல் கமெண்ட்ல காறித் துப்புறாங்க. அவன் நாலு தடவை போன் பண்ணினான். எடுக்கல. கிடந்து துடிக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

நேத்து மாதா கோயில் திருவிழா. பிலோமினா அக்கா முதல் தடவையா லைவ் போட்டாங்க. கப்பல்லயும் துபாய்லயும் இருக்கிற ஊர்க்காரங்க எல்லாம் திருநாளைக்கு வீட்டுச் சமையல் பாக்கணும்னு ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. மூவாயிரம் பேர் பாத்துட்டு இருக்கும்போது மைக் செத்துப்போச்சு. அக்காவுக்குத் தெரியல. நாப்பது நிமிஷம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசியிருக்காங்க, ஒரு சத்தம் வரல. யாரோ அதை வெட்டி 'ஊமைச் சமையல்'னு போட, ஊரெல்லாம் சுத்துது.

காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. மீன் வாங்கப் போனாக்கூட 'ஊமை அக்கா'ன்னு கூப்பிடுதானுவளாம். செத்த மைக்கைப் பெட்டியோட என் கையில திணிச்சாங்க. நான் உடனே பெவின் வித்த மைக் அது, குப்பைன்னு வீடியோவே போட்டிருக்கேனேன்னு ஆரம்பிச்சேன்.

"பெவினை எனக்கு யாருன்னே தெரியாதுளா. வாங்கச் சொன்னது நீ. கெட்டுப்போவும்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு போன் போட்டியா?"

போடல. பதினெட்டு நாள் இருந்தது. பெவினைத் திட்டுற கமெண்டைப் படிக்கவே நேரம் சரியா இருந்தது எனக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தங்கதுரை அண்ணாச்சி மொபைல் சர்வீஸ் கடைக்கு ரெண்டு பெட்டியையும் கொண்டுபோனேன். என்னுதும் அக்காவுதும். உள்ள எவ்வளவு மட்டமான பாகம்னு அவர் வாயாலயே சொல்ல வச்சு வீடியோ எடுக்கலாம்னுதான் போனேன், மறைக்க என்ன இருக்கு. போன் கேமராவைக்கூட ஆன் பண்ணி வச்சிருந்தேன்.

அவர் லென்ஸை மாட்டிக்கிட்டுப் பாத்தார். சார்ஜ் ஏறுற பின் எல்லாம் பச்சையாப் பூத்துக் கிடக்கு. இந்த வாரம் இது அஞ்சாவது செட்டுன்னார். உள்ள போர்டு நல்லாத்தான் இருக்காம், இந்த விலைக்கு இப்படி வாரதே பெருசாம்.

"எல்லாரும் உப்புத் தண்ணில முக்கி எடுத்தியளா, என்ன?"

பெட்டியோட மூலையில அக்காவோட துணி முடிச்சு இருந்தது. அதைத் தொட்டார். ஈரம். நாக்குல வச்சுப் பாத்தார். என்னைப் பாத்தார். உப்பு ஈரத்தை இழுக்கும்தான், இழுத்துட்டு அதை எங்க கொண்டுபோய் வைக்கும்னு கேட்டார். பெட்டிக்குள்ளயே உப்புத்தண்ணியா நிக்கும், பின்னை அரிச்சுத் தின்னும். கூறு இருக்கிறவ செய்யுற வேலையான்னு கேட்டார்.

போன் எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கிட்டு இருந்தது. அணைச்சேன்.

ஆகஸ்ட் 9, சனி

உப்பு வீடியோவைச் சேனல்ல இருந்து தூக்கிட்டேன். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்ல. அவன் மட்டும் யோக்கியனா? லைட்டுக்குத் துட்டு வாங்கினான்ல. அது பொய்யா? ஒரு குத்தத்துக்குப் பதிலா இன்னொரு குத்தத்துக்கு அடி வாங்குறான், அவ்வளவுதானே.

- இதை எழுதிட்டுத் திரும்பப் படிச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. ஆனாலும் உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ போடல.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெவின் வந்தான். ஒரு வருஷத்துக்கப்புறம். கேட்டுக்கு வெளியே வண்டியில உக்காந்தபடியே பேசினான், இறங்கக்கூட இல்ல. நானும் உள்ள வான்னு சொல்லல.

உப்பு வீடியோவை எதுக்குத் தூக்கினேன்னு கேட்டான். என் இஷ்டம்னேன். அதை அப்பவே டவுன்லோட் பண்ணி வச்சிட்டானாம். புதுசா ரெண்டு செட் வாங்கி, ஒண்ணுல உப்பு முடிச்சு, ஒண்ணு சும்மா, ரெண்டையும் ஒரே அலமாரியில பத்து நாள் வச்சிருக்கான். உப்பு வச்சது செத்துப்போச்சு. எல்லாத்தையும் தேதியோட கேமராவுல எடுத்து வச்சிருக்கான். ரெண்டு வச்சு, ஒண்ணை மட்டும் மாத்திச் சோதிக்கணும்னு அந்த மடையனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். நான் அதைச் செய்யல.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து போடுவேன். அதுக்குள்ள நீயே சொல்லிட்டா, நான் போடல."

பெரிய மனுசன்னு ஊருக்குக் காட்டவான்னு கேட்டேன்.

"மண்ணாங்கட்டி. நாலு வருசம் உன் சோதனைக்குத்தான் நான் வாயசைச்சேன். நீ பொய்க்காரின்னு ஆயிட்டா அந்த நாலு வருசமும் பொய்யாப் போயிரும். எனக்காகத்தான் வந்தேன், உனக்காக இல்ல."

அப்போ துட்டு வாங்கினதை எப்பச் சொல்லப் போறேன்னு கேட்டேன். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். அவன் முதுகைப் பாத்தாக்கூட எனக்கு ஆத்திரம்தான் வருது.

ஆகஸ்ட் 16, சனி

வீடியோ எடுக்க முன்னால பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். யாரோ சொல்லி அவங்க தெரிஞ்சிக்கக் கூடாது. குசினியில ஊளி மீன் அறுத்துக்கிட்டு இருந்தாங்க. நின்னபடியே சொன்னேன். மைக் நல்ல மைக் அக்கா. உப்பு வைக்கச் சொன்ன நான்தான் கெடுத்தேன். தெரிஞ்சு எட்டு நாள் ஆச்சு.

கத்துவாங்கன்னு நினைச்சேன். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். மீனை முழுசா அறுத்து முடிச்சு, கையைக் கழுவிட்டு வந்தாங்க.

"உன் வாயால வந்தது. உன் வாயாலயே சொல்லு. மூஞ்சியைக் காட்டிச் சொல்லு. நான் காட்டிட்டுத்தான நின்னேன்."

வீட்டுக்கு வந்து எடுத்தேன். முதல் தடவை பதினாலு நிமிஷம். அதுல ஒன்பது நிமிஷம் பெவினைத்தான் திட்டியிருக்கேன். அழிச்சேன். ரெண்டாவது தடவையும் 'ஆனா பெவின்'னு வாய் தானாப் போகுது. அழிச்சேன். மூணாவது தடவை அழுதுட்டேன், பாக்கவே சகிக்கல. நாலாவது - ரெண்டு நிமிஷம். இது என் தப்புக்கான வீடியோ, அவன் தப்புக்கு அவன் போடட்டும்னு நினைச்சு உப்பு வைக்கச் சொல்லிக் கெடுத்தது நான்தான், அவன் மைக்கைக் குப்பைன்னது பொய்னு மட்டும் சொன்னேன். மைக் எதுவும் மாட்டல. போன்ல இருக்கிறதே போதும். ஜன்னல் வழியாக் காத்து அடிச்சு ரெண்டு இடத்துல குரல் கிழியுது. திரும்ப எடுக்க எனக்குத் தெம்பில்ல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் போட்டேன். பூசை ஒன்பதுக்கு முடியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெவின் எதுவும் போடல. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான், அதுவும் எரிச்சலா இருக்கு.

என்னை விட்டுப் போனவங்க ரெண்டாயிரத்து நூறு பேர். இருக்கிறவங்க பாதிப் பேர் திட்டத்தான் இருக்காங்க. உப்பு மண்டைன்னு பேர் வச்சிருக்காங்க. செத்த மைக்கை அனுப்புங்க, சுத்தம் செய்து தாரேன்னு வீடியோவுல சொல்லியிருந்தேன். பார்சல் பார்சலா வருது. தங்கதுரை அண்ணாச்சி தனக்கு வேற வேலை இருக்குன்னுட்டு, ஒரு பிரஷும் லிக்விடும் கொடுத்து, கடை மூலையில என்னை உக்கார வச்சிட்டார். நீ நாறடிச்சதை நீயே கழுவுன்னார். அவரையும் பிடிக்கல.

இதுவரைக்கும் முப்பத்தொண்ணு. பத்தொன்பது உயிர் வந்துட்டு. பிலோமினா அக்காவோடது வரல.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெவின் புது வீடியோ. முதல் வரியிலேயே 'இதுக்குக் கம்பெனி பணம் கொடுத்திருக்கு'ன்னு சொல்றான். போன வருஷ லைட் வீடியோவையும் தூக்கிட்டு, ஏன் தூக்கினான்னு எழுதிப் போட்டிருக்கான். முழுசாப் பாத்தேன். லைக் போடல.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியம் பிலோமினா அக்கா வந்தாங்க. கையில புது மைக், பெட்டி பிரிக்கல. அதே மைக். என் முகத்தைப் பாத்துப் பேசல.

"எது வாங்கணும்னு உன்கிட்ட கேக்க வரல, வாங்கிட்டேன். நீ சோதி. நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

ஆட்டோவுல பீச் ரோட்டுக்குப் போனோம். நான் பிரிக்கும்போது ஒவ்வொண்ணா அவங்க கையில வாங்கிப் பாத்துத்தான் திரும்பத் தந்தாங்க. மைக்கை என் சட்டையில மாட்டிட்டு, போனையும் ஹெட்போனையும் என்கிட்ட இருந்து பிடுங்கி அவங்களே வச்சிக்கிட்டாங்க. உன் காதை நம்ப மாட்டேன்னாங்க.

முப்பது அடி போய் நின்னேன். என்ன பேசன்னு கேட்டேன். தன்னைப் பத்திப் பேசச் சொன்னாங்க, ஊமைன்னு ஊர்க்காரன் சொல்றதைச் சொல்லாதன்னாங்க.

பேசினேன். பிலோமினா அக்கா, திரேஸ்புரம். திருவிழா அன்னைக்கு நாப்பது நிமிஷம் நின்ன இடத்துல சமைச்சவங்க. ஒரு இடத்துலயும் திணறல. அன்னைக்கு அவங்க பேசினது யாருக்கும் கேக்காமப் போனதுக்கு நான்தான் காரணம்.

காத்து நல்லா அடிச்சது. அக்கா ஹெட்போனோட ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, தலையைக் குனிஞ்சு கேட்டாங்க. சிரிக்கல. முழுசாக் கேட்டு முடிச்சு, இன்னும் தள்ளிப் போன்னு கையைக் காட்டினாங்க.

அம்பது அடிக்குப் போய் நின்னு, முதல்ல இருந்து திரும்பச் சொன்னேன்.