எங்க புள்ளய ஆட வுடு

அக்டோபர் 12, ஞாயிறு

தோற்றுவிட்டு வந்தேன். ஆடியது நான் இல்லை, ஆனாலும் அப்படித்தான் எழுத வருகிறது. மூன்று கோல். மூன்றாவது விழும்போது நம் பின்வரிசை ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றிருந்தார்கள்.

தென்சென்னை எஃப்.சி. இந்த சீசனில் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்திருக்கிறது. அதுவும் எதிரணி கோல்கீப்பர் போட்ட பிச்சை. வெள்ளைக்காரக் கோச் டுவார்ட்டே கையைக் கட்டிக்கொண்டு சூயிங்கம் மெல்லுகிறார். பெஞ்சில் செம்பியன் உட்கார்ந்திருக்கிறான்.

எனக்கு எரிவது அங்கேதான். ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பையன். மொத்த அணியிலும் இந்த ஊர் மணலில் பந்து உதைத்து வளர்ந்தவன் அவன் ஒருவன்தான். அவன் அம்மா அன்புச்செல்வியிடம்தான் எங்கள் வீட்டுக்கு வருடக்கணக்காக மீன் வாங்குகிறோம். போன சீசனில் நாங்கள் கீழ் டிவிஷனுக்குப் போகாமல் தப்பித்ததே அவன் இடது காலால். இந்த சீசனில் அவனை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. கேட்டால், "இன்னும் நேரம் வரவில்லை" என்கிறார் கோச். எப்போது வரும்? நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகா?

மேட்ச் முடிந்ததும் எங்கள் கேலரி வேலியருகே வந்தான். வழக்கமாகத் தாவி ஏறி எல்லார் கையையும் தட்டுகிறவன் இன்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பிப் போகும்போது, வீரர்கள் உள்ளே போகும் சுரங்கப் படியில் பக்கவாட்டில், ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினான். மனசு ஒடிந்தால் நடைகூட மாறிவிடும் போல.

அக்டோபர் 13, திங்கள்

தரமணி ஆபீசுக்குக் குரல் இல்லாமல் போனேன். வாஷிங் மெஷின் புகார் கேட்கும் வேலை. போனில் ஒருவர், "நான் இவ்ளோ கத்தறேன், நீ பதிலே பேச மாட்டேங்கறியேம்மா" என்றார். வாரம் முழுக்க இப்படி வாங்கிக் கட்டிக்கொள்வதைத்தானே ஞாயிற்றுக்கிழமை கேலரியில் இறக்கி வைக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

அத்தாவின் மந்தைவெளிக் கடையில் அவரை நச்சரித்து ஒரு பேனர் தைக்க வைத்தேன். ஆட்டோ சீட் தைக்கும் ரெக்சின், மழைக்கும் தாங்கும். மஞ்சளில் கறுப்பு எழுத்து: எங்க புள்ளய ஆட வுடு.

"இத்த பாத்தா கோச்சு மனசு மாறுவானா?" என்றார் அத்தா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாற வேணாம் அத்தா. பயந்தா போதும்."

அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி தைத்தார்.

நாகராஜ் ஆட்டோவில் வந்து பேனரைப் பார்த்து விசிலடித்தான். எங்கள் டிரம் அவன்தான். அங்கேயே மெட்டும் போட்டுவிட்டோம். நான் 'எங்க புள்ளய' என்று எடுத்துக் கொடுத்தால் மொத்த கேலரியும் 'ஆட வுடு' என்று முடிக்க வேண்டும். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் சத்தம் ஏற வேண்டும். அது எங்கள் பழைய பழக்கம். நாகராஜ் என் கையைப் பார்ப்பான், கேலரி அவன் குச்சியைப் பார்க்கும்.

"சரி, நிறுத்தறதுக்கு இன்னா சிக்னலு?" என்று கேட்டான்.

"நம்ம எப்போடா நிறுத்தியிருக்கோம்?"

ரொம்ப நேரம் சிரித்தோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றும் தோல்வி. ஆனால் பாட்டு பற்றிக்கொண்டது. முதலில் நாங்கள், பிறகு எதிர் கேலரி, கடைசியில் டிக்கெட் கிழிப்பவர்கள்கூட. நான் கையைத் தூக்கத் தூக்க ஏறியது. மயிர்க்கூச்செறிந்தது.

டுவார்ட்டே ஒரு தடவை திரும்பி நேராக என்னைப் பார்த்தார். கோபமான முகம் இல்லை. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

செம்பியன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலிப் பக்கம் வரவே இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

மழை விட்ட காலை. எலியட்ஸ் பீச்சில் நடக்கும்போது டுவார்ட்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். விடுவேனா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேவிட்டேன்: அந்தப் பையன் உங்களுக்கு என்ன துரோகம் செய்தான்?

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "அவன் மேல் உங்களுக்குப் பிரியமா?"

"எங்க வீட்டுப் பையன் மாதிரி."

"அப்படியானால் கொஞ்சம் குறைவாகப் பாடுங்கள்."

அவ்வளவுதான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். என்ன திமிர். ரசிகர்கள் பாடக்கூடாதாம். ஆபீஸ் பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரித்த பிறகும் அந்த வாக்கியம் போகமாட்டேன் என்கிறது.

நவம்பர் 3, திங்கள்

கிளப்பின் சி.இ.ஓ. ஸ்ரீஹரி எங்களைத் தி.நகரில் ஒரு ஓட்டலுக்கு டிபனுக்குக் கூப்பிட்டார். இதுவரை எங்கள் ஈமெயிலுக்கே பதில் போடாத மனிதர். எனக்கும் நாகராஜுக்கும் தன் கையாலேயே சாம்பார் ஊற்றினார்.

"ரசிகர்கள் குரல்தான் எங்களுக்கு எல்லாம். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

கோச்சை மாற்ற வேண்டும், செம்பியனை இறக்க வேண்டும் என்றோம். சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "பதினாறாம் தேதி ஹோம் மேட்சுக்கு ஸ்டேடியத்தை ரொப்பிக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவு சுலபமா?

நவம்பர் 7, வெள்ளி

டுவார்ட்டேவை நீக்கிவிட்டார்கள். போன் ஓயாமல் அடிக்கிறது. எல்லாரும் என்னை வாழ்த்துகிறார்கள், ஏதோ கல்யாணம் முடிந்த மாதிரி.

நாகராஜ் ஒரு விஷயம் சொன்னான். "அந்தாளு ஏர்போர்ட்டுக்கு போற வழில குப்பத்துக்கு போனாரு ரூஹி. என் ஆட்டோலதான். செம்பியன் வூட்டுல குந்திக்கினு ரொம்ப நேரம் பேசினாரு. வெளிய வரச்சொல்லோ கண்ணெல்லாம் செவந்துகீது."

வெறுக்கிற பையன் வீட்டுக்கு எதற்குப் போனார்?

நவம்பர் 9, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

மீன் வாங்கப் போனேன். அன்புச்செல்வி அக்கா கடை போட்டிருந்தாள், ஆனால் மீனை வெட்டாமல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னாக்கா" என்று பக்கத்தில் குந்தினேன்.

"ரூஹிக்கண்ணு, நீயாவது சொல்லு. அவன் ஆடக்கூடாது."

செம்பியனுக்கு முட்டி ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. ஜூலையிலேயே. ஆபரேஷன் செய்து ஒரு வருடம் ஓய்வெடுத்தால் மறுபடி ஆடலாம். அப்படியே ஆடினால் முழுதும் போய்விடும், அப்புறம் ஆட்டமே இல்லை. ஆனால் ஜனவரியில் காண்ட்ராக்ட் முடிகிறது. காயம் என்று வெளியே தெரிந்தால் எந்த டீமும் தொடாது. அதனால் செம்பியன் கோச் காலைப் பிடித்து அழுதிருக்கிறான், யாரிடமும் சொல்லாதீங்க சார் என்று. டுவார்ட்டே வாக்குக் கொடுத்திருக்கிறார். பெஞ்சில் உட்கார வைத்து, காரணம் கேட்டவர்களிடமெல்லாம் கெட்ட பெயர் வாங்கி, கடைசியில் வேலையையும் இழந்திருக்கிறார்.

"அந்த வெள்ளக்காரன் இருந்த வரிக்கும் எனக்கு பயமில்ல கண்ணு," என்றாள்.

படியில் பக்கவாட்டில் இறங்கினானே. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றானே. எல்லாத்தையும் பாத்தேனே, பாத்துக்கினே பாட்டு கட்டினேனே.

நவம்பர் 10, திங்கள்

கேலரியில் சொன்னால் அவன் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் கால் போகும்.

நவம்பர் 12, புதன்

லீவு போட்டு ஸ்ரீஹரியைப் பார்க்கப் போனேன். காயம் என்ற வார்த்தையையே எடுக்காமல், "பையன் இன்னும் ரெடியா இல்ல சார், கொஞ்ச நாள் போகட்டும்" என்று சுற்றி வளைத்தேன்.

சிரித்தார். "முட்டியைச் சொல்றீங்களா? எங்க டாக்டர் சொல்லாம இருப்பாரா? டுவார்ட்டே ஒருத்தர்தான் அதை ரகசியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தார். வலி தெரியாம ஊசி போட்டா ஒரு மேட்ச் தாங்கும்."

"ஒரு மேட்ச். அப்புறம்?"

"ஜனவரியில எப்படியும் அவனை விடத்தான் போறோம்." போனைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பேனர், எங்கள் பாட்டு, கிளப் போட்ட வீடியோவில். "டிக்கெட் முழுக்க வித்தாச்சு. நீங்கதானே மேடம் கேட்டீங்க?"

நான் கேட்டதுதான்.

நவம்பர் 14, வெள்ளி

செம்பியனைப் படகுகள் பக்கம் பிடித்தேன். ஸ்ரீஹரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எகிறுவான், மறுப்பான் என்று நினைத்தேன். வலையை நோண்டிக்கொண்டே சொன்னான்.

"அப்போ நான் ஆடியே ஆவணுங்க்கா. அன்னிக்கு வேற டீம் ஆளுங்களும் வருவாங்க. ஒரு தபா ஒயுங்கா ஆடிக்காட்டினா போதும், எவனாச்சும் எடுத்துக்குவான்."

"டேய், காலு போயிடும்டா."

"இப்ப மட்டும் இன்னா கீது?" எழுந்தான். எழுவதற்குப் படகின் விளிம்பைப் பிடித்தான். "நீ பாடுக்கா. பாடலன்னா எல்லாரும் இன்னான்னு கேப்பாங்க. அம்மாவையும் இட்டுக்கினு வா. அது என் ஆட்டத்த பாத்ததே இல்ல."

பீச்சை ஒட்டிய வேளாங்கண்ணி மாதா கோயில் வரை நடந்துவிட்டு வந்தேன். நானெல்லாம் அங்கே கேட்டால் கொடுப்பார்களா தெரியாது. கேட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். நாளைக்கு மாற்றி நினைவு வைத்துக்கொள்வேன்.

ஸ்டேடியம் நிறைந்திருந்தது. தூறல். என் பக்கத்தில் அன்புச்செல்வி அக்கா, விசேஷத்துக்குக் கட்டும் புடவையில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. முதல் பாதி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பாட்டு தானாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். ஐயோ, என்ன ஆட்டம். முதல் பந்தையே வாங்கித் திரும்பி இரண்டு பேரை நிற்க வைத்துவிட்டு அடித்தான், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மொத்த ஊரும் எழுந்தது. நானும் எழுந்தேன். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்த முட்டி விஷயமெல்லாம் பொய் என்று நம்பினேன்.

அடுத்த ஓட்டத்தில் விழுந்தான். யாரும் இடிக்கவில்லை, பக்கத்தில் ஆளே இல்லை. தரையில் ஏதோ தேடப் போகிறவன் மாதிரி உட்கார்ந்து, சாய்ந்தான்.

வழுக்கிவிட்டான் என்று நினைத்து அவனை எழுப்பப் பாடினார்கள். நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் தூக்கினேன்.

நாகராஜ் என் கையைப் பார்த்தான். ஓங்கி அடித்தான்.

எங்க புள்ளய. ஆட வுடு. எங்க புள்ளய. ஆட வுடு. அவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டு கிடக்கிறான், நான் கையை ஆட்ட ஆட்ட சத்தம் ஏறுகிறது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்வரை ஏறியது. கையை இறக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோணல?

திரும்பினேன். அன்புச்செல்வி அக்கா மைதானத்தைப் பார்க்கவில்லை. தூக்கியிருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 17, திங்கள்

'எங்கள் போராளி' என்று கிளப் வீடியோ போட்டிருக்கிறது. பின்னணியில் என் குரல்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து செம்பியனை நாகராஜ்தான் ஆட்டோவில் வீட்டில் விட்டான். புயல் மழை. பக்கத்துப் படுதா கிழிந்திருந்ததால், கட்டு நனையாமல் இருக்க எங்கள் பேனரைக் கட்டி மறைத்தானாம். பேனரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். நானும் போயிருந்தேன், தெரு முனை வரை. அக்கா கதவைச் சாத்தினாள். என்னைப் பார்த்துத்தான் சாத்தினாளா, மழைக்குச் சாத்தினாளா, தெரியவில்லை.

சாப்பிடும்போது அத்தா என் தட்டையே பார்க்கிறார்.

ஜனவரி 18, ஞாயிறு

நாகராஜ் போன் செய்தான். "வியாசர்பாடிலேந்து ஒரு பையன எடுத்துகீறாங்க, சூப்பரா ஆடுறான். பெஞ்சிலயே குந்த வெச்சிக்கினு கீறாங்க ரூஹி. நீ வந்து பாட்ட எடுத்துக் குடு. 'எங்க புள்ள'ன்னு தானே கீது, மாத்தக்கூட வேணாம்."

வரவில்லை என்றேன். நான் இல்லாமலே பாடினார்களாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நோன்பு வருவதற்குள் நல்ல மீன் வாங்கி வா என்றாள் அம்மா. வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை.

வெயில் ஏறிவிட்டது. அன்புச்செல்வி அக்கா கடைக்கு மேலே மஞ்சளாக ஒரு கூரை கட்டியிருந்தது. அத்தா தைத்த ரெக்சின். எழுத்துப் பக்கம் கீழே பார்த்து இருந்ததால், நிழலுக்குள் போனால்தான் படிக்க முடிந்தது. அதன் கீழே செம்பியன் பிளாஸ்டிக் நாற்காலியில், காலை ஐஸ்பெட்டி மேல் நீட்டிக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தான். கை பழகிவிட்டது, வேகமாக வெட்டுகிறான்.

அன்று ஏன் கையைத் தூக்கினேன் என்று சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் வரும்போது எல்லா வார்த்தையையும் அடுக்கி வைத்திருந்தேன்.

அக்கா நிமிர்ந்தாள். "இன்னா மீனு வோணும் மேடம்?"

சங்கரா ஒரு கிலோ என்றேன். எடை போட்டு அவனிடம் தள்ளினாள். அவன் நிமிரவில்லை.

"தல வோணுமா, எடுத்துடவா?"

"எடுத்துடுங்க," என்றேன்.

வீட்டில் அம்மா மீனைக் கழுவிக்கொண்டே, "அன்புச்செல்வி எப்படி இருக்கா? என்னைக் கேட்டாளா?" என்றாள். கேட்டாங்க என்று சொன்னேன்.