அக்கா பிடுங்காத புல்

என் புல்லுக்காரி அக்காவுக்கு,

இன்று விடிந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நம் வீட்டு முற்றத்துக்குத்தான் போனேன். உன் புல் முழுக்க உறைபனி. வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டேன், நீ செய்வது போலவே. பனியோடு மிதித்தால் கருகிப்போகும் என்று ஓரமாகவே நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேசன் பாஸ் வந்து எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டுக் கொங்கிரீட் போடப் போகிறார். அப்படிப்பட்ட புல்லுக்கு எதற்கு இந்தக் கவனிப்பு? தெரியவில்லை. கை பழகிவிட்டது.

நீ போய் ஒரு வருஷமாகிறது. நம் டயகம தோட்டத்து மழைதான் உனக்குத் தெரியுமே, புல்லுக்குள் ஒரே பாசி. மண் கிளறும் இரும்பு முள்ளால் குத்திக் காற்று விட்டேன். ஒட்ட வெட்டாமல் விரல் உயரம் விட்டு வெட்டினேன். பள்ளிக்கூடம் முடிந்து வந்து, சமைத்து, கொப்பி திருத்தி, அதற்குமேல் புல். முதுகு கேட்கமாட்டேன் என்கிறது, அக்கா.

உன் கருமாதிக்கு வந்த என் மாமியார் அன்று செய்த வேலையை உனக்குச் சொல்லவில்லையே. நாங்கள் உள்ளே இருந்த நேரம், சுரண்டியை எடுத்து மூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை வழித்துவிட்டார்.

"சாவு வீடுன்னு கவனிக்காம வுட்டுட்டீங்க போல. வாசல்ல இம்புட்டுப் புல்லு கெடந்தா ஆளுக என்னா பேசுவாங்க?"

"அத்தை, அது அக்கா நட்டது."

"நட்டதா? புல்லையா?"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். தேயிலைக்குள் புல்லைக் கண்டாலே பிடுங்கப் போகிற கை அவருடையது. உன் கையும் அதுதானே? பகலெல்லாம் மலையில் புல்லு வெட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டில் புல் நட்டாய். ஏன் என்று கேட்டால், "நான் புடுங்காத புல்லு கொஞ்சம் இருக்கட்டுமேடி" என்பாய்.

அந்த மூலை பிறகு பச்சையாகவே இல்லை. மழைக்குச் சேறாகி, போன மாதம் எங்களைப் பார்க்க வந்த அத்தையே அதில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் நல்ல அடி.

"கொங்கிரீட் போட்டுருவமா?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகத்தான் கேட்டார்.

"போடுங்க" என்றேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

ஆனால் சனிக்கிழமை காலையில், அவர் டவுனுக்குப் போனதும், நல்ல புல்லாகப் பார்த்து வேரும் மண்ணுமாக வெட்டி, உரப்பையில் போட்டு, உன் குழிமேட்டுக்குக் கொண்டுவந்து நடப் போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "பொதச்ச எடத்துல புல்லு மண்ட விடுறதா?" என்று ஏசுவார்கள். அங்கேயும் யாராவது நல்ல மனசோடு சுரண்டியை எடுத்தால் என்ன செய்வேன்?

அதனால் அடிக்கடி வருவேன், அக்கா. ஒட்ட வெட்டமாட்டேன். முதுகு வலித்தால் வெட்டாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

நீ விட்டுப்போன புல்லுக்கு இனிப் பொறுப்பான,
உன் தங்கச்சி